வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகவில்லையா? முதலில் தண்ணீர் போகிறதா பாருங்கள்

போன வாரம் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. பிழியும் தொட்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டு அம்மா துணியை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். ஈரத்துணி விரலில் சுற்றி இழுத்ததில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. நான் போனபோது கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மூடியைத் திறந்தா நிக்கும்னுதான் தம்பி நினைச்சேன்" என்றார்.

நின்றிருக்க வேண்டும். நான்கு மாதம் முன்பு 'ஸ்பின் ஆகவில்லை' என்று கூப்பிட்டதற்கு வந்த ஒருவர், மூடியைத் திறந்தால் மோட்டாரை நிறுத்தும் மூடி ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, அது வேலை செய்யாதபடி டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரேக்கும் பிடிக்காதபடி செய்துவிட்டிருக்கிறார். ஆனால் பழுது அங்கே இல்லவே இல்லை. கொல்லைக்குப் போகும் டிரெயின் பைப்பில் வயல் சேறு இறுகிக் கிடந்தது. நான் கழற்றும்போதும் அது அப்படியேதான் இருந்தது.

கும்பகோணம் வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். டைரக்ட் கொடுத்த மெஷின்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் கையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொட்டி சுற்றவில்லை என்றதும் "மோட்டார் போயிடுச்சு" என்கிறார்கள். அடுத்தது "போர்டு போயிடுச்சு", அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. இந்த இரண்டு பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினில் துவைப்பதற்கும் பிழிவதற்கும் ஒரே மோட்டார்தான். துவைக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுகிறது அல்லவா? அப்படியானால் மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது. பிறகு ஏன் பிழியவில்லை? பெரும்பாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறது, அதனால்தான். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒரு பிரஷர் சென்சார் உண்டு. தண்ணீர் போய்விட்டது என்று அது சொன்னால்தான் மெஷின் வேகம் எடுக்கும். எல்ஜி மெஷினில் 'ஓஇ' என்றும் பாஷ் மெஷினில் 'இ18' என்றும் வருவது இதைத்தான் சொல்கிறது: தண்ணீர் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கொண்டே இருந்தால் தண்ணீர் எப்படிப் போகும்?

மேலே திறக்கும் மெஷினில் இன்னொன்றும் உண்டு. டிரெயின் மோட்டார் என்று ஒரு சின்ன மோட்டார், தண்ணீர் போகும் வால்வைத் திறப்பதோடு தொட்டியின் பிரேக்கையும் விடுவிக்கும். அது போனால் தண்ணீரும் போகாது, தொட்டியும் சுற்றாது. இரண்டு பழுது என்று சொல்லி இரண்டுக்கும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் பிழிவதற்குத் தனி மோட்டார். அங்கே தண்ணீரைப் பார்த்து நிறுத்துகிற சென்சாரும் கிடையாது. பைப் அடைத்திருந்தாலும் தொட்டி தண்ணீருக்குள்ளேயே திணறிக்கொண்டு சுற்றப் பார்க்கும். முனகல் சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். "கொஞ்ச நேரத்துல சுத்திடும்" என்று விட்டால் அப்போதுதான் மோட்டார் நிஜமாகவே எரியும்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது டிரெயின் பைப்பைத்தான். மேலே திறக்கும் மெஷின்கள் பலவற்றில் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாக வடிந்துதான் போக வேண்டும். பைப் தரையோடு கிடக்க வேண்டும், வாழைக்குத் தண்ணீர் பாயட்டும் என்று கொல்லை நிலைப்படி மேல் ஏற்றி இறக்கினால் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையில் தண்ணீர் நிற்கும்போது பைப்பின் வாய் அதில் முங்கிக் கிடக்கும். அப்போதும் போகாது. அந்த மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் நிறைய இந்த ரகம்தான். பைப்பைத் தூக்கி ஒரு வாளியில் விட்டுப் பாருங்கள், வாளி மெஷினை விடத் தாழ்வாக இருக்கட்டும். சரசரவென்று கொட்டினால் மெஷினில் ஒன்றுமில்லை. முன்பக்கம் திறக்கும் மெஷினில் பம்ப் இருப்பதால் கணக்கு வேறு. பைப்பின் மேல் வளைவு தரையிலிருந்து இரண்டு அடிக்குக் குறையாமல், மூன்று அடிக்கு மேல் போகாமல் நிற்க வேண்டும்.

அந்த மெஷினில் கீழே ஓரமாகச் சின்னக் கதவு, அதற்குள் ஃபில்டர். வாங்கிய நாள் முதல் அதைத் திறக்காத வீடுகள்தான் அதிகம். ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், ரவிக்கைக் கொக்கி எல்லாம் அதில் எடுத்திருக்கிறேன். அறுப்புக் காலத்தில் கைலி மடிப்பில் வந்த நெல்மணியும் பதரும் சேர்ந்து பம்பின் விசிறியையே பிடித்துக்கொள்ளும். வயலுக்குப் போட்டுப் போன துணியை வெளியே ஒரு தடவை அலசி, உதறி, பிறகு மெஷினில் போடுங்கள். வண்டல் சேறு வால்வில் உட்கார்ந்தால் சுலபத்தில் போகாது.

ஃபில்டரைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்க வேண்டும். சுடுதண்ணீர் வைத்துத் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். பக்கத்தில் சின்ன டியூப் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரைத் தட்டில் வடித்துவிட்டு, ஃபில்டரை மெல்லத் திருகுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் இல்லாத பாயிண்டில் மெஷின் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

ஃபில்டர் சுத்தம், பைப்பும் சுத்தம், ஆனாலும் பம்ப் சத்தமே இல்லையென்றால் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். அறுப்பு முடிந்ததும் எலி வீட்டுக்குள் வரும், மெஷினுக்கு அடியில் சூடாக இருக்கும். கீழே வலை அடித்து வையுங்கள்.

தண்ணீர் நன்றாகப் போயும் பிழியவில்லையா? ஒற்றைக் கனத்த போர்வையோ, சுருண்டு முடிச்சான ஒன்பது கஜப் புடவையோ ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பிரித்துப் போடுங்கள். நுரை அதிகமானாலும் வேகம் எடுக்காது. பவுடரைக் குறையுங்கள்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூடி ஸ்விட்சை டைரக்ட் கொடுக்க யாரையும் விடாதீர்கள். "ரெண்டு நாள் ஓட்டுங்க, ஸ்விட்ச் வந்ததும் போடறேன்" என்பார்கள். அந்த இரண்டு நாள்கூட வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக் பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1300 சுற்று வரை போகும். துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. இதே தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன், ஸ்விட்ச் கையில் இல்லையென்றால் மெஷினை ஓடவிடாமல் வைத்துவிட்டு வாருங்கள். வாடிக்கையாளர் திட்டினால் திட்டட்டும்.

இன்று துவைக்கும்போது ஒன்று செய்யுங்கள். பிழிந்துகொண்டிருக்கும்போது மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், கையை உள்ளே விடாமல். பூட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தால் நல்லது. திறந்தால், சில நொடிகளில் தொட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, துணிகளைக் கையால் பிழிந்துகொண்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.