பத்தோடு பதினொன்றாகாத பக்கம்

2005 ஆகஸ்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இளைஞர், பல்கலைக்கழகப் படிப்புச் செலவைச் சமாளிக்க ஒரே ஒரு பக்கம் கொண்ட இணையதளத்தைத் தொடங்கினார். அகலத்தில் 1,000, உயரத்தில் 1,000 என மொத்தம் 10 லட்சம் பிக்சல்கள் (திரையின் மிகச் சிறு புள்ளிகள்) கொண்ட அந்தப் பக்கத்தை, பிக்சலுக்கு ஒரு டாலர் என்று, மனை போடுவதுபோலக் கூறுபோட்டு விளம்பரதாரர்களுக்கு விற்றார். 100 பிக்சல் கொண்ட கட்டம்தான் விற்பனையில் மிகச் சிறியது. சில மாதங்களில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. கடைசி 1,000 பிக்சல்கள் ஈபே ஏலத்தில் 38,100 டாலருக்குப் போயின. ‘மில்லியன் டாலர் ஹோம்பேஜ்’ என்ற அப்பெயர் பலருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதில் இடம் வாங்கிய ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

இந்த முரணுக்கான விளக்கம் இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1933-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளின் பட்டியலில் ஓர் எண்ணை நுழைத்தபோது அந்த எண்ணும், எண்களின் பட்டியலில் ஓர் அசையை நுழைத்தபோது அந்த அசையும் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. அதாவது, நினைவில் நிற்கும் தன்மை எண்ணிலும் இல்லை, அசையிலும் இல்லை. சுற்றியிருப்பவற்றோடு அதற்குள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. வியப்புதான் காரணம் என்று தோன்றலாம். ஆனால் வேறுபட்ட அந்த ஒன்றைப் பட்டியலின் தொடக்கத்திலேயே, படிப்பவருக்கு எந்த எதிர்பார்ப்பும் உருவாகும் முன்பே வைத்தபோதும் அது மறந்துபோகவில்லை. ஒரே சாயல் கொண்டவை நினைவில் ஒன்றோடொன்று கலந்து, மீட்டெடுக்கும்போது ஒன்றையொன்று மறிக்கின்றன. தனித்திருப்பதற்கு அந்த நெரிசல் இல்லை. டியூவின் பக்கம் இணையத்தில் தனித்திருந்தது. அதற்குள் நெருக்கியடித்த விளம்பரச் சின்னங்களோ பத்தோடு பதினொன்றாகிவிட்டன.

புதுமை பழகிவிட்டால் அதுவும் கூட்டத்தில் கரைந்துவிடும். 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் முதல் பதாகை விளம்பரங்கள் (பேனர் விளம்பரங்கள்) வந்தபோது மக்கள் ஆவலோடு சொடுக்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 1998-இல், பென்வே, லேன் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், தேடச் சொன்ன தகவலுக்கான இணைப்பு பெரிய வண்ணப் பதாகையிலேயே இருந்தும் பலர் அதைக் காணாமல் தவறவிட்டனர். எல்லாத் தலைப்புக்கும் சிவப்புப் பட்டை தீட்டி மினுக்கும் செய்தித் தளங்கள் இன்றும் அதே தவறைத்தான் செய்கின்றன. பக்கம் முழுவதும் அடங்கிய நிறத்தில் இருந்து, ‘பதிவு செய்க’ என்ற ஒரு பொத்தான் மட்டும் செம்மஞ்சளாக இருந்தால் கண் தானாக அங்கே போகும். இரண்டாவது செம்மஞ்சள் பொத்தானை வைத்தவுடன் முதலாவதின் வலு குறைந்துவிடுகிறது.

1990-களின் இறுதியில் யாகூ, எக்சைட் போன்ற தளங்களின் முகப்பு செய்தி, வானிலை, ராசிபலன், பங்குச்சந்தை என்று பிதுங்கி வழிந்தது. அந்தச் சூழலில் கூகுளின் முகப்பு, ஏறக்குறைய ஒரு பெயரும் ஒரு தேடல் பெட்டியும் மட்டுமே கொண்ட வெள்ளைப் பரப்பாக இருந்தது. எல்லோரும் வெறுமையாக வைத்திருந்த காலமாக இருந்திருந்தால் அந்த வெறுமையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு, அங்கே பணியாற்றிய மரிஸ்ஸா மேயர் பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. சோதனைக்கு வந்தவர்கள் எதையும் தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது, பக்கத்தின் மீதிப் பகுதி வருவதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். பக்கம் இவ்வளவுதான் என்று உணர்த்துவதற்காகவே அடியில் காப்புரிமை வரி ஒன்றை வைக்க வேண்டியிருந்தது.