நிறை: கடல் தாண்டினால் பொருள் மாறும் சொல்

போன மாதம் பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சேர், இது எப்படிப் பிழையாகும்? யூடியூப்ல அந்த டீச்சர் இப்படித்தானே சொன்னாங்க?"

'பொருளின் நிறை = 5 கிலோகிராம்' என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. டீச்சர் சொன்னதும் சரி, கோடு போட்டவர் செய்ததும் சரி. டீச்சர் தமிழ்நாட்டுக்காரர், வினாத்தாள் இலங்கையுடையது, அவ்வளவுதான் சிக்கல்.

இலங்கைப் பாடநூலில், ஒரு பொருளில் அடங்கியிருக்கும் சடப்பொருளின் அளவுக்குத் திணிவு என்று பெயர். அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி தன்பக்கம் இழுக்கும் விசைதான் நிறை. அது விசை என்பதால் அலகு நியூற்றன். திணிவு 5 கிலோகிராம் என்றால் நிறை, ஈர்ப்பு ஆர்முடுகலான 9.8ஆல் பெருக்கி, 49 நியூற்றன். தமிழ்நாட்டுப் பாடநூல் முதலாவதை நிறை என்கிறது, இரண்டாவதை எடை என்கிறது. ஆக நிறை என்ற ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒன்றையும் இந்தப் பக்கம் இன்னொன்றையும் குறிக்கிறது. திணிவு, எடை இரண்டையும் பார்த்தால் பிள்ளை 'தெரியாத சொல்' என்று நிதானிக்கும். நிறை தெரிந்த முகமாக வந்து காலை வாரிவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது? நிறு என்ற வினையிலிருந்து. கொடு-கொடை, விடு-விடை, எடு-எடை என்பதுபோல நிறு-நிறை. தராசில் இட்டு அளப்பதுதான் நிறுத்தல். தொல்காப்பியம் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்று ஒன்பது எழுத்துகளைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நாழி, உழக்கு என்று முகந்து அளப்பது அளவு; கழஞ்சு, பலம் என்று தூக்கிப் பார்ப்பது நிறை. அதாவது இந்தச் சொல் பிறந்ததிலிருந்தே தராசோடுதான் இருந்திருக்கிறது. இதே வடிவத்தில் வேறு நிறைகளும் உண்டு. நிறைகுடத்தில் இருப்பது நிரம்புதல். திருக்குறளின் 126ஆவது அதிகாரமான நிறையழிதலில் வருவது மனத்தை நிலைநிறுத்திக் காக்கும் உறுதி. நிரம்பியிருப்பது என்ற பொருளில் கேட்டால் தமிழ்நாட்டார் அதைப் பொருளின் அளவுக்கு வைத்ததும் பொருத்தமாகத்தான் படும். ஆனால் தராசோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒட்டாது.

எங்கள் காது அப்படி வளர்ந்த காது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு நிறுவை என்ற சொல் பாடநூலுக்கு முன்பே தெரியும். அப்பாயி கொழுந்தை மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, கொண்டுபோவார். சாக்கை முக்காலியில் தொங்கும் தராசின் கொக்கியில் மாட்டுவார்கள், முள் ஆடி நிற்கும், கணக்கப்பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். சாக்குக்கென்று கொஞ்சம் கழியும், மழை நாளென்றால் தண்ணீருக்கென்று இன்னும் கொஞ்சம் கழியும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அந்த முள்ளை அப்பாயி பார்த்த பார்வையை நான் எந்த ஆய்வுகூடத்திலும் பார்த்ததில்லை.

அந்தத் தொங்கு தராசுதான் இந்தப் பாடத்துக்கு மிகச் சிறந்த கருவி. அதன் உள்ளே இருப்பது ஒரு வில்லுச் சுருள். சாக்கைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அவ்வளவுக்குச் சுருள் நீளும். ஆகவே அது உண்மையில் அளப்பது நிறையை. முகப்பில் மட்டும் கிலோகிராம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். கடையில் இருந்த பழைய தட்டுத் தராசு வேறு சாதி. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சீனி. பூமி இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால் இழுவை தள்ளுபடியாகி, மிஞ்சுவது திணிவு.

இரண்டையும் தூக்கிக்கொண்டு ஊர் மாறினால் வித்தியாசம் தெரியும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகியதால் இழுவை ஒரு துளி குறையும். கொழும்பில் சரிபார்த்த வில்லுத் தராசை இங்கே கொண்டுவந்து 20 கிலோ கொழுந்தைத் தொங்கவிட்டால் பத்துக் கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும், ஒரு சில கொழுந்து. தட்டுத் தராசு எந்த மலையிலும் ஒரே கணக்குத்தான் சொல்லும். (அப்பாயியின் சாக்கில் குறைந்ததெல்லாம் பத்துக் கிராம் கணக்கில் அடங்காது. அது பௌதிகவியல் சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல.) சந்திரனில் வில்லுத் தராசு ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும், திணிவு அங்கேயும் அப்படியே இருக்கும்.

இயக்கம், விசை, சக்தி என்று மீட்டல் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த இடத்தில் திணிவு வேலை செய்கிறது, எந்த இடத்தில் நிறை வேலை செய்கிறது என்று பாருங்கள். சமதரையில் நின்றுபோன லொறியைத் தள்ளுகிறீர்கள். அது அசையப் பிடிவாதம் பிடிப்பது திணிவினால். வளைவில் பிரேக் போட்டும் அது நிற்க மறுப்பதும் திணிவினால். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் சடத்துவம் என்று பெயர். ஏற்றம் வந்துவிட்டால் நிறையும் சேர்ந்துகொள்ளும். மலையக ரயில் பாதையின் செங்குத்தான பகுதிகளில் 44 அடி போனால் ஓரடி ஏறுகிறது. அங்கே ரயிலின் நிறையில் 44இல் ஒரு பங்கு விடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். சக்திக் கணக்கும் அப்படித்தான். 20 கிலோ சாக்கோடு 30 மீற்றர் உயரம் ஏறினால் சாக்குக்காக மட்டும் செய்த வேலை 20 × 9.8 × 30, அதாவது 5,880 யூல். தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறிய கணக்கு தனி.

சரி, திணிவு எப்படிப்பட்ட சொல்? திணி என்றால் செறிதல், நெருக்கி நிறைத்தல். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு 'மண் திணிந்த நிலன்' என்றே தொடங்குகிறது. 'அப்படியானால் இது அடர்த்தியைக் குறிக்க வேண்டிய சொல் அல்லவா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நியூற்றன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் முதல் வரைவிலக்கணத்தைப் பாருங்கள்: சடப்பொருளின் அளவை அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து தருவதாகத்தான் அவரும் சொன்னார். எவ்வளவு இடத்தில் எவ்வளவு நெருக்கித் திணித்திருக்கிறது என்பதுதானே அது. திணிவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மாஸ் இவ்வளவு யோசித்துப் பிறந்ததல்ல. லத்தீன் வழியே கிரேக்கத்துக்குப் போனால் பிசைந்த மா உருண்டையில் போய் நிற்கும். காலையில் ரொட்டிக்குப் பிசைகிறோமே, அந்த மாதிரி.

எடைக்கு வருவோம். எடு-எடை, தூக்கிப் பார்த்தால் தெரிவது. ஆங்கிலத்தின் வெயிட்டுக்கும் மூலம் சுமத்தல், தூக்குதல் என்ற பழைய வினைதான். தூக்கும்போது கை உணர்வது பூமியின் இழுவையை. விசைக்கு வைக்க இதைவிடத் தெளிவான சொல் இல்லை. என்னைக் கேட்டால், இரு கரைக்கும் பொதுவாக ஒரு சோடி வேண்டுமானால் இங்கிருந்து திணிவையும் அங்கிருந்து எடையையும் எடுத்துக்கொள்ளலாம். நிறையைக் கடைக்கும் மடுவத்துக்கும் விட்டுவிடலாம். ஆனால் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் இந்த யோசனையைச் செய்துபார்க்க வேண்டாம். அங்கே திணிவு, நிறை என்றே எழுதுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. நமது கதி அவர்களுக்கு வேகம், நமது வேகம் அவர்களுக்குத் திசைவேகம். அப்புறம் சக்தி-ஆற்றல், வலு-திறன், ஆர்முடுகல்-முடுக்கம் எல்லாம் வெவ்வேறு சொற்களாகவே இருப்பதால் ஆபத்துக் குறைவு.

அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். காணொளியோ புத்தகமோ, முதலில் விஞ்ஞானியின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார். நியூட்டன், ஜூல் என்றிருந்தால் அங்கத்தையது, அதில் வரும் நிறையைத் திணிவு என்று வாசி. நியூற்றன், யூல் என்றிருந்தால் நம்முடையது. அவள் கொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். பாதிப் பக்கத்தில் நியூட்டன், பாதிப் பக்கத்தில் நியூற்றன்.