போட்டோகிராபர் நண்பருக்கு நன்றி சொல்ல மெமரி கார்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்

பரிசாக வந்த மெமரி கார்டால் படம் போய், என் கேமரா சர்வீஸ் கடைக்கு ஒருவர் வருவது இந்த ஆவணியில் மட்டும் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறை சும்மா இருந்துவிட்டேன், இனி முடியாது.

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம் எடுப்பவர், வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் கேமரா பாடியையும் லென்ஸையும் என்னிடம் சர்வீஸுக்குக் கொண்டுவருபவர். அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணா, ஷட்டர் போயிடுச்சா பாருங்க, முகூர்த்தப் படம் ஒண்ணுகூடத் திறக்கல" என்று கேமராவை மேசையில் வைத்தார். நான் ஷட்டரைப் பார்க்கவில்லை, முதலில் கார்டைக் கழற்றினேன். மேலே 512 ஜிபி என்று அச்சடித்திருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கலண்ணா, ஃப்ரெண்டு குடுத்தான். அவன் தங்கச்சி வளைகாப்புக்குக் காசு வாங்காம எடுத்துக் குடுத்தேன், அதுக்காக."

கேமராவில் ஒரு குறையும் இல்லை. கார்டில் உண்மையில் இருந்த இடம் 64 ஜிபிக்கும் கீழே. முந்தின நாள் மாலை ரிசப்ஷனில் எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் ரா ஃபைல்கள் (கேமரா பதியும் மூலப் படங்கள்) நன்றாக இருந்தன. மறுநாள் காலை ஊஞ்சல், மாலை மாற்றியது, தாலி கட்டியது எல்லாவற்றுக்கும் ஃபைல் பெயர் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 28 எம்பி என்று அளவுகூட இருக்கிறது. திறந்தால் உள்ளே எதுவும் இல்லை.

அவருடைய நண்பருக்கு அங்கேயே போன் போட்டோம். அவர் சொன்னது, இந்த மாதிரி எல்லோரும் என்னிடம் சொல்கிற அதே பதில்: "கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டுத்தாண்ணே குடுத்தேன், 512 காட்டுச்சே!"

காட்டும். காட்டத்தான் செய்யும். தயவுசெய்து இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கம்ப்யூட்டர் கார்டைத் திறந்து உள்ளே எவ்வளவு இடம் என்று அளப்பதில்லை, "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கார்டிடமே கேட்கிறது, கார்டு சொல்வதை நம்பித் திரையில் போடுகிறது. கார்டுக்குள் இருக்கும் சின்ன கன்ட்ரோலர் சிப்பில் 512 என்று சொல்லும்படி எழுதி வைத்துவிட்டால் அது 512 என்றுதான் சொல்லும். ஒரு லாட்ஜில் அறுபது அறைதான் இருக்கிறது, ஆனால் வரவேற்பறைப் பதிவேட்டில் ஐந்நூறு அறை என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தொன்றாவது ஆள் வரும்போதும் பெயர் எழுதிக்கொள்வார்கள், அறை எண் கொடுப்பார்கள், ஆள் போய்ப் படுக்க இடம் இருக்காது. சில போலிக் கார்டுகளில் இன்னும் மோசம், புதிதாக வருபவரை ஏற்கெனவே ஆள் இருக்கும் அறைக்குள் தள்ளுவார்கள், பழைய படமும் போய்விடும். ஃபார்மட் செய்து பார்த்தேன் என்பார்கள். குயிக் ஃபார்மட் பதிவேட்டை மட்டும்தான் புதிதாக எழுதும். பத்துப் படம் காப்பி செய்து பார்த்தேன் என்பார்கள். பத்துப் படம் முதல் பத்து அறைக்குள் அடங்கிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அசல் 512 ஜிபி கார்டை விண்டோஸில் போட்டால் 476 என்றுதான் காட்டும், தயாரிப்பாளர் ஆயிரத்தில் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024இல் போடுகிறது. இதைப் பார்த்துவிட்டு நல்ல கார்டைப் போலி என்று கடையில் சண்டை போட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

எடுக்கும்போதே தெரியாதா என்று அந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். தெரியாது. படம் எடுத்தவுடன் திரையில் வருவது கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது, கார்டிலிருந்து அல்ல. கெட்டிமேளம் கேட்கும் நேரத்தில் நின்று, பின்னால் போய்ப் பழைய படத்தைத் திறந்து பார்க்கிற போட்டோகிராபர் யாராவது இருப்பாரா? ரெக்கவரி செய்து கொடுங்கள் என்று தம்பி கெஞ்சினார். அழித்த படத்தை மீட்கலாம், எழுதப்படாத படத்தை எங்கிருந்து மீட்பது. (அந்தத் தம்பியையும் நான் திட்டினேன். அவருடைய கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட் இருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைக்காமல், ஒன்று நிறைந்தால் அடுத்தது என்று வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அப்படி வைக்கவே கூடாது.)

அனுபவமுள்ள ஆள் ஏன் அந்தக் கார்டைப் போட்டார்? தாட்சண்யம். நண்பன் ஆசையாகக் கொடுத்தது, அடுத்த முறை பார்க்கும்போது "யூஸ் பண்றியாடா?" என்று கேட்பான், இல்லை என்று எப்படிச் சொல்வது. கார்டு, பேட்டரி, ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி) எல்லாவற்றையும் அவர் வழக்கமாக ஒரே கடையில் பில் போட்டுத்தான் வாங்குவார். உங்கள் பரிசுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறார். உங்கள் அன்புக்காகத்தான் அவர் சிக்கிக்கொள்கிறார். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

ஆகவே, கேமராவுக்குள் போகிற, கேமராவில் மாட்டுகிற எதையும் அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கார்டிலேயே எஸ்டி உண்டு, சிஎஃப் எக்ஸ்பிரஸில் டைப் ஏ, டைப் பி என்று உண்டு, பெரும்பாலும் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது. லென்ஸ் என்றால், கேனான் கேமராதானே என்று ஒரு கேனான் லென்ஸ் வாங்கிவிட முடியாது. 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்டுக்கான (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸ் பழைய இஎஃப் மவுண்ட் பாடியில் உட்காரவே உட்காராது. ஃபில்டர் 52, 58, 67, 77, 82 மில்லிமீட்டர் என்று வரும், அது லென்ஸின் முன்பக்கம் ø குறிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண், லென்ஸ் பெட்டியில் 50 மிமீ என்று போட்டிருப்பது குவியத் தூரம், அது வேறு விஷயம். மலிவான யுவி ஃபில்டரை மாட்டிக்கொண்டு மண்டபத்தில் சீரியல் செட்டுக்கு நேராக எடுத்தால், ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பொய் பல்பு படத்தில் மிதக்கும். மலிவான பேட்டரி உப்பிப்போய் கேமராவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டதை நான் பாடியைப் பிரித்து எடுத்திருக்கிறேன். தூசி ஊதக் கேனில் அடைத்து விற்கும் காற்று வேண்டவே வேண்டாம். சாய்த்து அடித்தால் திரவமாகவே கக்கும், படம் பதியும் சென்சாரில் படிந்த கறையைத் துடைக்க என்னிடம்தான் வர வேண்டும், மெல்லிய ஷட்டர் இதழில் அடித்தால் அது வளைந்தும் போகும்.

அப்புறம், அப்பாவின் பழைய லென்ஸ். பீரோவில் தோல் உறையோடு இருபது வருடம் இருந்தது, உனக்குத்தான் இதன் மதிப்புத் தெரியும் என்று மனம் நெகிழ்ந்து கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான், கொடுங்கள். ஆனால் அதற்கு முன் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னைக் காற்றில் இருட்டு பீரோவும் தோல் உறையும் சேர்ந்தால் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்பத்தில் கொண்டுவந்தால் துடைத்துவிடலாம், லென்ஸ் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கை அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. சுத்தம் செய்யாமல் அவருடைய பையில் மற்ற லென்ஸ்களோடு போட வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, என்னதான் கொடுப்பது? நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் பெரிதாகச் செய்வதாக இருந்தால் டிரை கேபினெட் கொடுங்கள். கரண்டில் ஓடும் சின்ன அலமாரி, 30 லிட்டர் அளவில் இரண்டு பாடியும் மூன்று நான்கு லென்ஸும் வைக்கலாம். ஈரப்பதத்தை 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். இன்னும் காயட்டும் என்று அதற்கும் கீழே கொண்டுபோகாதீர்கள், ரப்பர் பிடிகளுக்கு ஆகாது. இந்த ஊரில் போட்டோகிராபருக்கு இதைவிட உதவியான பொருள் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் பத்தில் ஆறு பேர் வீட்டில் இருக்காது, லென்ஸ் வாங்கவே காசு போய்விடும்.

சின்னதாக என்றால் தூசி ஊதும் ரப்பர் பல்பு ப்ளோயர், கேமராவுக்கு நல்ல மழை உறை. அவர் வழக்கமாக வாங்கும் கடையின் பரிசுக் கூப்பன் இன்னும் நல்லது, அதில் எதை வாங்குவது என்று அவருக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது வேறு. அவர் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு சட்டம் அடித்துக் கொடுங்கள். லட்சக்கணக்கில் படம் எடுத்தவர் வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட மாட்டியிருக்காது, நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே நிபந்தனை, இன்ஸ்டாகிராமிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ இறக்கிய படத்தை லேபுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருங்கிப்போன படம். அவர் மனைவியிடமோ அசிஸ்டன்டிடமோ சொல்லி ஒரிஜினல் ஃபைலை வாங்குங்கள். 24 மெகாபிக்சல் படம் 12க்கு 18 அங்குலத்துக்குத் தாராளமாக வரும், விகிதமும் ஒன்றுதான், ஓரம் வெட்ட வேண்டியதில்லை. கிளாஸ் பிரின்ட்டில் ஒட்டாமல் இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், நம் ஊர் ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம் கிழியும்.

இல்லையென்றால் அவரையும் அவர் மனைவி பிள்ளைகளையும் நிற்க வைத்து நீங்கள் ஒரு படம் எடுங்கள். சுமாராக வந்தாலும் பரவாயில்லை. குடும்பப் படங்கள் எதிலும் அவர் இருக்க மாட்டார், எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான். பெட்ரோல் செலவையும் உதவியாளர் கூலியையும் கொடுக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைக் கவரில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் ஏற்கெனவே யாருக்காவது கார்டு வாங்கிக் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். கூச்சப்படாமல் இன்றைக்கே அவருக்குப் போன் செய்து, கார்டைக் காலி செய்து முழுவதும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக், லினக்ஸில் எஃப்3 (F3), இரண்டும் இலவசம். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 512 ஜிபிக்கு எழுதவே இரண்டரை மணி நேரம் ஆகலாம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். புரட்டாசியில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், ஐப்பசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் தெரிந்துவிட வேண்டும்.