எலிவேட்டர் பிட்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெரிய முதலீட்டாளர் ஒருவரோடு தற்செயலாக லிப்டில் ஏறுகிறீர்கள். அவர் இறங்கும் மாடி வருவதற்குள் உங்கள் தொழிலைச் சொல்லி முடிக்க வேண்டும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அந்தப் பேச்சுக்குத்தான் எலிவேட்டர் பிட்ச் என்று பெயர்.

லிப்டை அமெரிக்கர் எலிவேட்டர் என்பார்கள். மேலே தூக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பிட்ச் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே அது எறிதல். விற்பவர் வாங்குபவரை நோக்கி வீசும் பேச்சு. தொடர் பிறந்த கதை ஒன்றல்ல. தர முகாமைத்துவ நிபுணர் பிலிப் கிராஸ்பியிடம் தொடங்கியது என்பர் சிலர். 1990களில், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பத்திரிகைத் தலைமை ஆசிரியரோடு லிப்டில் ஏறிக் கட்டுரை யோசனைகளைச் சொன்ன பத்திரிகையாளர் மைக்கேல் கருசோவைக் காட்டுவர் வேறு சிலர்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு லிப்ட் தேவையில்லை. 2010 முதல் இங்கே நடந்துவரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் உங்கள் காட்சிக்கூடத்துக்கு முன் ஒருவர் நிற்கும் நேரமும் அவ்வளவுதான். "வணக்கம், எங்கள் நிறுவனம் தரமான பனை உற்பத்திப் பொருட்களை நியாயமான விலையில்..." என்று தொடங்கினால் ஆள் அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார். தரமும் நியாய விலையும் எல்லாரும் சொல்வதுதானே. நீங்கள் விற்பது ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மா என்றால், இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்குக் கூழ் எண்டால் உயிர். ஆனா கிடைக்கிற ஒடியல் மாவில மண் கடிக்குது. நாங்கள் நல்லாக் கழுவிக் காயவைச்ச ஒடியலை அரைச்சு, காத்துப் புகாத பையில அரைக் கிலோவா அடைக்கிறம். கனடாவில கடை வைச்சிருக்கிற ஆரையும் தெரியுமோ அண்ணை?"

யாருக்கு என்ன சிக்கல், நீங்கள் செய்வது என்ன, அவரிடம் வேண்டுவது என்ன, மூன்றும் வந்துவிட்டன. கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம். அதை விட்டால் மிச்சமெல்லாம் வெறும் அறிமுகம். நின்ற இடத்திலேயே வியாபாரம் முடியாது, சரி. ஒரு தொலைபேசி இலக்கமோ அடுத்த சந்திப்போ கிடைத்தால் போதும்.

தமிழுக்கு வருவோம். 'மின்தூக்கி உரை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், லிப்ட் பராமரிப்புப் பற்றிய கூட்டம் என்றே நினைப்பார்கள். 'சுருக்க அறிமுகம்' விளங்கும், ஆனால் ஒன்றைக் கேட்டுப் பெறும் நோக்கம் அதில் இல்லை. நம் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை என்னும் சுருக்க உரை கண்ட இலக்கண நூலான நன்னூலில் நூலின் அழகு பத்தும் 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்' என்றே தொடங்குகின்றன. பேச்சு வழக்கில் அதையே 'நறுக்கென்று சொல்' என்கிறோம். அதனால் என் தெரிவு 'நறுக்குரை'. இப்படிப் பேசும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினால், அழைப்பிதழில் நறுக்குரை எனப் போட்டு, முதல் முறை மட்டும் பக்கத்தில் எலிவேட்டர் பிட்ச் என்று காட்டலாம். மேடையேறும் பிள்ளைகள் எப்படியும் "பிட்ச் பண்ணுறன்" என்றுதான் சொல்லப்போகிறார்கள்.