காலி பூச்சிமருந்து பாட்டிலை என்ன செய்வது? விதி 44 சொல்வது இதுதான்

மருந்து அடித்து முடித்ததும் காலி பாட்டிலை வரப்பிலோ வாய்க்கால் ஓரத்திலோ வீசிவிட்டுப் போவது ஊருக்கு ஊர் நடக்கிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகளில் 44-வது விதி இதற்கென்றே இருக்கிறது. காலிக் கொள்கலனை யாரும் எடுத்துப் புழங்கும்படி வெளியே போடக் கூடாது. உடைத்து, குடியிருப்பை விட்டுத் தள்ளிப் புதைக்க வேண்டும். கழுவிய தண்ணீரால் நீர்நிலை கெடவும் கூடாது. இந்தப் பொறுப்பு விவசாயி தலையில் மட்டும் இல்லை, தயாரிக்கும் கம்பெனிக்கும் உண்டு.

கழுவுவதற்குச் சரியான நேரம், தெளிப்பான் டேங்கில் மருந்தை ஊற்றிய கையோடு. அடித்து முடித்த பிறகு கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? கையுறை போட்டுக்கொண்டு, பாட்டிலைக் கவிழ்த்து அரை நிமிடம் சொட்டவிடுங்கள். கால் பாட்டில் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, அரை நிமிடம் குலுக்கி டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. ஈசி (EC) வகை, அதாவது தண்ணீரில் பால்போல் கலக்கும் எண்ணெய் மருந்தாக இருந்தால் முதல் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வரும், மூன்றாவதில் ஏறக்குறையத் தெளிந்துவிடும். அந்த வெளுப்பு அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்துதான்.

பிறகு அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிடுங்கள். கழுவியாயிற்றே என்று டீசல் பிடிக்கவோ, மாட்டுக்குத் தண்ணீர் மொண்டு வைக்கவோ வேண்டாம். பிளாஸ்டிக் சுவரில் ஊறிய மருந்து கழுவினால் போகாது. பழைய சாமான்காரரிடமும் போடாதீர்கள். எரித்தால் நச்சுப்புகை.

புதைக்கச் சொல்லும் விதி ஐம்பது வருடத்துக்கு முந்தையது. பிளாஸ்டிக் மண்ணில் மக்காது என்பதால் அது அரைகுறைத் தீர்வு என்றுதான் சொல்வேன். பிரேசிலில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்து, கழுவிய பாட்டிலைத் திரும்பக் கொடுக்க வேண்டியது விவசாயியின் கடமை. கொடுக்க வேண்டிய இடத்தைக் கடை பில்லிலேயே போட்டுத் தருகிறார்கள். இங்கேயும் 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள், பேக்கிங் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. அதனால் மருந்து வாங்கும்போதே, காலி பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பாட்டிலோடு வரும் துண்டுச்சீட்டையும் பிரித்துப் பாருங்கள். காலிக் கொள்கலனை என்ன செய்வதென்று அதில் அச்சிட வேண்டும் என்பதும் விதிதான்.

எடுத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கிணறு, போர்வெல், வாய்க்கால் மூன்றுக்கும் எட்டாத மேட்டில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.