உருளைக்கிழங்கு வறுவலும் தண்ணீரும்

அரை கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிவிடும். கிழங்கை எடுத்துவிட்டு, பாத்திரத்தை ஆட்டாமல் கொஞ்ச நேரம் வைத்து மேல்தண்ணீரை இறுத்தால், அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் படிந்திருக்கும். கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து வெளியே வந்த மாவுச்சத்து அது.

இதைக் கழுவாமல் அப்படியே சட்டியில் போட்டால் என்ன ஆகும்? ஈரத்தோடு சூடு சேர்ந்ததும் மாவு பசையாகிவிடும். மைதாவைக் கரைத்துக் காய்ச்சிப் போஸ்டர் ஒட்டுகிறோமே, அதே கதைதான். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், சட்டியோடும் ஒட்டும். இரண்டு முறை அலசினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது காற்று படாததால் கிழங்கு கறுக்காமலும் இருக்கும்.

எவ்வளவு பொடியாக நறுக்குவது? 2 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றின் வெளிப்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே எட்டாக நறுக்கினால் 48. முறுகும் பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது! சிறிய துண்டு ருசியாக இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது அதைவிட முக்கியம். இல்லாவிட்டால் சிறியது கருகும்போது பெரியது நறுக்கென்று இருக்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம். வறுவலில் வேகுவது, சிவப்பது என்று இரண்டு வேலைகள் நடக்கின்றன. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். உள்ளே ஈரம் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வேகுவதற்கு அது போதும். 60, 70 டிகிரியிலேயே மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். சூடு இன்னும் ஏறும்போது செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் இளகிக் கிழங்கு மெத்தென்று ஆகும். சிவப்பதற்கோ மேற்பரப்பு 140 டிகிரி வாக்கில் சூடேற வேண்டும். அப்போதுதான் கிழங்கிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தரும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த வினை இது.

ஆக, ஒரு வேலைக்கு ஈரம் வேண்டும், இன்னொன்றுக்கு ஈரம் கூடாது. மூடியும் திறந்தும் ஒரே சட்டியில் இரண்டையும் செய்வதைவிட, தனித்தனியாகச் செய்வதே நல்லது என்பேன். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் நாலைந்து நிமிடம் அரைவேக்காடாக வேகவிட்டு, வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆவி போக ஆறவிடுங்கள். ஆறின சோறு விறைப்பது போல, வெந்த மாவுச்சத்தும் ஆறும்போது இறுகும். அப்புறம் கிளறினாலும் துண்டு எளிதில் உடையாது.

கிழங்கை வேகவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் புளிக்கரைசல் விடலாம். காய் வேகும் முன் புளி ஊற்றினால் காய் வேகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது முழுக்க முழுக்க அறிவியல்: புளிப்பு, பெக்டினைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. குழம்பில் தொல்லை தரும் இந்தக் குணம் இங்கே விளிம்பு கரையாமல் காப்பாற்றும்.

கிழங்கைப் பச்சையாக ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். வறுக்கும்போது சீக்கிரமே கறுக்கும். 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எச்சரித்த அக்ரிலமைடும் (புற்றுநோய் வரவைக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் வேதிப்பொருள்) கூடுதலாக உண்டாகும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான கூடை போதும். வறுவலையும் பொன்னிறத்திலேயே இறக்கிவிடுங்கள்.

எண்ணெயை நிறைய ஊற்றினால்தான் முறுகும் என்று நினைக்க வேண்டாம். கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். உடனே கிளறாதீர்கள். சடசடவென்று கேட்கும் சத்தம், தண்ணீர் ஆவியாகி எண்ணெய் வழியே வெளியேறும் சத்தம். அது மெல்ல மெல்ல அடங்கும்போது மேற்பரப்பு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிவிடுங்கள். மிளகாய்த்தூளைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டால் போதும். முன்பே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் அது தீய்ந்துவிடும்.