ஸ்டெல்லன்போஷ் மாநாட்டுக்குப் போகிறீர்களா? கார் சாவியைத் தொடாதீர்கள்

"வைன்தானே சார், அது என்ன சரக்கா?"

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மருத்துவர்களையும் பேராசிரியர்களையும் வெளிநாட்டு மாநாடுகளுக்கு அழைத்துப்போவது என் தொழில். சென்ற முறை தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில், ஒரு மூத்த பேராசிரியர் ஓய்வாகக் கிடைத்த பிற்பகலில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மூன்று திராட்சைத் தோட்டங்களைச் சுற்றியிருக்கிறார். திரும்பும் வழியில் போலீஸ் மறித்து ஊதச் சொன்னது. ரத்த மாதிரி எடுத்தார்கள், இரவு காவல் நிலையத்தில் கழிந்தது, காலையில் நீதிமன்றம். அவர் தலைமை தாங்க வேண்டிய அமர்வை வேறொருவர் நடத்தினார். இப்படி நடப்பது முதல் தடவை என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். 1679இல், பின்னாளில் ஆளுநரான டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் தன் பெயரிலேயே நிறுவிய ஊர். சுற்றிலும் மலை, நடுவே ஓக் மரத் தெருக்கள், பல்கலைக்கழகம், ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடி. 1925இல் ஆபிரகாம் பெரோல்டு என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சான்சோவையும் இணைத்து பினோட்டாஜ் என்ற புதிய திராட்சை ரகத்தை உருவாக்கியதும் இங்கேதான். அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கும். ஜூலையில் போனால் மழையும் குளிரும் மொட்டைக் கொடிகளும்தான். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று பருத்திச் சட்டையோடு வந்து இறங்காதீர்கள்.

சரி, வைனுக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் சுவைத்துப் பார்க்க உட்கார்ந்தால் பெரும்பாலும் ஐந்து வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 30 மில்லி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 மில்லி. அந்த வெயிலில் பழுத்த திராட்சையில் வரும் வைன் சாதாரணமாக 14 சதவீதம் இருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் 21 மில்லி. நம் ஊர் பாரில் ஒரு ஸ்மால் விஸ்கி 30 மில்லி, 42.8 சதவீதம், அதில் இருப்பது 13 மில்லிக்கும் குறைவு. ஆக, ஒரு தோட்டம் என்பது ஒன்றரை ஸ்மாலுக்கு மேல். மூன்று தோட்டம் முடித்தவர் கிட்டத்தட்ட ஐந்து ஸ்மால் போட்டிருக்கிறார். ஐந்து ஸ்மால் போட்டுவிட்டு அண்ணா சாலையில் வண்டி எடுப்பாரா அந்தப் பேராசிரியர்? மாட்டார். ஆனால் இங்கே எடுக்கிறார், ஏனென்றால் கிளாஸ் அழகாக இருக்கிறது, கூடவே சீஸ் வருகிறது, ஊற்றுபவர் மண்ணைப் பற்றியும் பீப்பாயைப் பற்றியும் பாடம் நடத்துகிறார். உங்கள் கல்லீரலுக்கு இந்தப் பாடமெல்லாம் தெரியாது. அது ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஸ்மாலைக் கழித்தாலே பெரிது. காபியோ குளிர்ந்த காற்றோ அதை வேகப்படுத்தாது.

"அங்கே சட்டம் நம்மைவிடத் தாராளமாமே" என்று இன்னொரு வாதம். நம் ஊரில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அங்கே 50 மில்லிகிராம் வரை விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இரண்டாவது தோட்டத்திலேயே அந்த 50 தாண்டிவிடலாம். 55 கிலோ பெண்ணுக்கு முதல் தோட்டத்திலேயே அந்த வரம்பை நெருங்கிவிடலாம். போதையில் மோதினால் வாடகைக் காரின் காப்பீடும் கைகொடுக்காது. ஸ்டெல்லன்போஷிலிருந்து பக்கத்து வைன் ஊரான ஃபிரான்ஷ்ஹுக் போகும் வழி ஹெல்ஸ்ஹூக்தே கணவாயில் ஏறி இறங்கும் மலைச்சாலை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்களே, அது துப்புவதற்குத்தான். வைன் தயாரிப்பவர்களே சுவைத்துவிட்டுத் துப்புவார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று நம்மவர்கள் மட்டும்தான் கூச்சப்படுகிறோம். கூச்சப்படாமல் துப்புங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. காத்திருக்கும் வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒரு கிளாஸ் எடுத்துக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துவது. அன்பால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் தொழில்முறை ஓட்டுநருக்கு அங்கே வரம்பு 20 மில்லிகிராம்தான். ஒரு கிளாஸில் அவர் வேலை போய்விடும்.

அப்புறம், அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் கையில் கிளாஸைத் திணிப்பதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை மட்டமான வைனாகவே கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 'டொப்' என்பார்கள். சட்டம் தடை செய்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. அதன் விளைவு இன்னும் தீரவில்லை. தாய் கருவுற்றிருக்கும்போது குடித்ததால் பாதிப்போடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த வெஸ்டர்ன் கேப் மாகாணத்தின் வைன் கிராமங்களும் உண்டு. மருத்துவர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டங்களில் நிற்கும் அந்த வெள்ளைச் சுவர் மாளிகைகளைக் கட்டியதிலும் முதல் கொடிகளை நட்டதிலும் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, தமிழர் என்றால் 1860இல் டர்பன் பக்கம் கரும்புக்குப் போனவர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கேப்புக்கு ஏற்றிச் சென்றிருக்கிறது. ஹெல்ஸ்ஹூக்தே தாண்டியதும் ப்னீல் என்ற சிற்றூர் வரும். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843இல் உருவான ஊர். ஒரு தோட்டத்தைக் குறைத்துக்கொண்டு அங்கே அரை மணி நேரம் இறங்கி நடங்கள். தயவுசெய்து.

மற்றபடி சில விஷயங்கள். ஆடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே பாருங்கள். கேப் பகுதியில் மலேரியா இல்லை. மாநாடு முடிந்து குரூகர் காட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் மாத்திரை பற்றிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வைன் பக்கம் போகவே வேண்டாம். ஃபிரான்ஷ்ஹுக்கில் தோட்டம் தோட்டமாக இறங்கி ஏற வைன் டிராம் ஓடுகிறது, அதில் போங்கள். இல்லையென்றால் நாங்கள் ஏற்பாடு செய்யும் வேன் இருக்கிறது. ஓட்டுநருக்கு ஏதாவது வாங்கித் தர ஆசையாக இருந்தால் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.